கடைசி அரியர்

மாடிப்படியில் தலையைக் கையில் தாங்கிக் குத்தவைத்திருந்த கர்ணனைப் பார்த்ததுமே வீட்டுக்காரம்மா சங்கிலியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காயப்போட்ட மிளகாயை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரிசல்ட்டு வந்துருச்சா? விடுய்யா. நாலு தடவ போனது, அஞ்சாவது தடவையும் போயிட்டுப் போகுது."

"இல்லத்தா. பாஸாயிட்டேன்."

சங்கிலியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஸானதுக்கா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

"ரீவேல்யுவேஷன் போட்டா ஃபெயிலாக்கி விட்டுருவாகளாத்தா?"

"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சு போல. இரு, மோரு கொண்டாரேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கர்ணனின் கவலை அவளுக்கு எப்படித் தெரியும்? அல்லிநகரத்து அந்த மாடி அறையில் அவனும் விஜயபாண்டியும் நாலு வருடமாக ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். விஜயபாண்டி பி.ஈ. வகுப்பிலேயே முதல். அதே கல்லூரியில் எம்.ஈ. சேர்ந்து இன்னும் இரண்டு வருடம் இதே அறையில் இருக்கப்போகிறவன். கர்ணனுக்கு முதல் வருட மேத்ஸ் பேப்பர் ஒன்று மட்டும் அரியர். அது முடிந்த மறுநாளே சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது அப்பா தங்கப்பாண்டியின் உத்தரவு.

உண்மையில் அந்த அரியர் கர்ணனுக்குக் கிடைத்த வரம். சாயங்காலம் ஆறு மணியானால் விஜயபாண்டி பாயை விரித்து, கணக்கு நோட்டைத் திறப்பான். முட்டியோடு முட்டி இடிக்கும். இரண்டு பேருமே நகர்த்த மாட்டார்கள்.

மூன்று வருடப் பாடத்தில் நடந்தது இவ்வளவுதான். கர்ணனுக்கு ஆசை நெஞ்சு வரை வரும், வாய்க்கு மட்டும் வராது.

அந்த நோட்டு விஜயபாண்டி தன் கைப்பட எழுதியது. ஒருநாள் ஜூனியர் அனுஷ்கா இரவல் கேட்டு வந்தபோது, கர்ணன் கொடுக்கப் போனதை அவன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான்.

"இது கர்ணனுக்குன்னே எழுதுனதும்மா. உனக்கு வேற எழுதித் தாரேன்."

அன்று முழுவதும் கர்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவது தடவை பரீட்சை வந்தபோதுதான் வினை வந்தது. இத்தனை வருடத்தில் நோட்டு முழுவதும் மனப்பாடம் ஆகியிருந்தது. இனிமேல் பாஸாகாமல் தப்பிக்க வழியே இல்லை என்று கர்ணன் பயந்தான்.

ஹாலில் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நோட்டில் கூட்டச் சொன்ன இடத்தில் கழித்தான்; பெருக்கச் சொன்ன இடத்தில் வகுத்தான். ஒரு கணக்கு விடாமல் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிம்மதியாக நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தான்.

வந்ததோ ஓ கிரேடு. தொண்ணூறுக்கு மேல் எடுப்பவர்களுக்குக் கொடுப்பது.

போன் அடித்தது. அப்பா.

"ஏலே, பாஸாமே. இங்கன நெட் சென்டர்ல பாத்துட்டேன். நாளைக்குக் காலையில மினிவேனோட வாரேன், பெட்டி படுக்கையைக் கட்டி வையி."

கர்ணன் 'சரி' சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் விஜயபாண்டி படியேறி வந்தான். போனை வாங்கி ரிசல்ட்டைப் பார்த்தவனுக்கு முகம் செத்துப்போனது. பதிவு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தான்.

"நோட்டுல இருக்கிற மாதிரியேவா எழுதுன?"

கர்ணன் தலையைக் குனிந்தான். "கோவிச்சுக்கிராத மாப்ள. அம்புட்டையும் தலைகீழாப் போட்டேன். நீ கூட்டுன்னா நான் கழிச்சேன். திருத்துன ஆளுக்குப் பைத்தியம் போல, ஓ கிரேடு போட்டு விட்டுருக்காரு."

"ஏன்டா அப்படிப் போட்ட?"

"பாஸானா ஊருக்குப் போகணும்ல. உன்னைய விட்டுட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே கர்ணனுக்கு உறைத்தது. விஜயபாண்டியின் காது மடல்கள் இரண்டும் சிவந்தன. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறானா, அழுகிறானா என்றே தெரியவில்லை.

படியில் பக்கத்தில் உட்கார்ந்து, கர்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டான்.

"அப்பா, வேன் வேண்டாம்ப்பா. இம்புட்டு நல்ல கிரேடு எடுத்தவனைத் தோட்டத்துல போட்டா படிப்பு வீணாப் போயிரும். எங்கூடயே எம்.ஈ. சேத்து விடுங்க. ரெண்டே வருசம்."

அந்தப் பக்கம் தங்கப்பாண்டி குளிர்ந்துபோனார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. அவனுக்குக் கணக்கு வரவச்சவனே நீதான. அப்ப ஒண்ணு செய்வோம். ரெண்டு டிகிரிக்கும் சேத்து ஒரே பிளக்ஸா அடிச்சிருவோம்."

போனை வைத்ததும் கர்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "எம்.ஈ.யிலயும் மேத்ஸ் இருக்குமேடா. அங்கயும் இதே மாதிரி நாலு தடவ போனா?"

விஜயபாண்டி பிடித்த கையை விடவில்லை.

"இனிமே சரியாச் சொல்லிக்குடுக்குறேன்."