பங்கேற்கவில்லை

“டைப்பக்கா, அந்தக் கவர் எப்படித் தொலைஞ்சுதுன்னு யாருக்காவது தெரியுமா?”

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேப்டன் கேட்ட கேள்வி. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “கூரியர்ல எங்கயாவது மாட்டியிருக்கும்மா” என்று கால்பந்து சங்கத்தின் டைப்பிஸ்ட் அன்றைக்குச் சொன்ன பொய், இன்றைக்கும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது அதே கேப்டன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. தேசியப் பெண்கள் அணியின் பதினைந்து வருஷ மலர் அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்துக் கொடுக்க வந்திருந்தாள். மடியில் இருந்த பையை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

அட்டவணையில் விரலை ஓட்டினாள். “முதல் வருஷம் மூணு ஆட்டம், மூணும் தோல்வி. வாங்கின கோல் இருபத்தொண்ணா? அடப்பாவமே! நான் பத்தொன்பதுன்னுல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்!”

“மீதி ரெண்டை எங்க ஒளிச்சு வச்சே?”

“எல்லாம் நம்ம கோல்கீப்பர், பல்லின்னு கூப்பிடுவோமே, அவ பண்ண வேலை. இருட்டிப் போச்சு, கடைசி ரெண்டு பந்து கண்ணுக்கே தெரியல, அதைச் சேர்க்கக் கூடாதுன்னு ஒரே சண்டை.”

இருவரும் சிரித்தார்கள். விரல் கீழே இறங்கியது. வருஷத்துக்கு வருஷம் தோல்வி குறைந்து, ஒரு டிரா, இரண்டு வெற்றி, அப்புறம் அரையிறுதி. அதற்கு அடுத்த வரியில் எண்களே இல்லை. கட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரே சொல்: பங்கேற்கவில்லை.

விரல் அங்கே நின்றது. சிரிப்பும் நின்றது.

“இந்த வரியை அடிக்கும்போது எனக்குக் கையே ஓடல,” என்றாள் டைப்பிஸ்ட். “இன்னிக்குச் சொல்லிடறேன் கேப்டன். அது கூரியர்ல தொலையல. என்னாலதான் தொலைஞ்சுது.”

கேப்டன் நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த வருஷத்துச் சர்வதேசப் போட்டிக்கான விண்ணப்பம், பதினெட்டுப் பேர் பட்டியல், தலைவர் கையெழுத்து, எல்லாம் போட்டு அரக்கு முத்திரையும் வச்சாச்சு. கூரியர்காரர் வந்தா நேரா அவர் கையில குடுக்கணும், அதான் வழக்கம். அந்த நேரம் பார்த்து என் பொண்ணுக்கு ஜுரம்னு பள்ளிக்கூடத்துலேர்ந்து போன். கவரைப் பெஞ்சுல கிடந்த பழைய பேப்பர் கட்டு மேல வச்சுட்டு ஓடிட்டேன்.”

கேப்டன் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீயும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தே. முட்டியில கட்டு. ‘போட்டிக்குள்ள சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு அக்கா’ன்னு கெஞ்சினே. பட்டியல்ல உன் பேர் இல்லன்னு நான்தான் சொன்னேன். ‘பரவால்லக்கா’ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சே பாரு. அந்த ஞாபகத்துலயே கிளம்பிட்டேன், யார்கிட்டயும் கவரை ஒப்படைக்கத் தோணல.”

டைப்பிஸ்ட் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மறுநாள் வந்தா பெஞ்சு காலி. பேப்பர் கட்டைக் குப்பையில போட்டுட்டாங்க. கவரும் அதோட போயிடுச்சு. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்துது. வாயைத் திறந்திருந்தா இன்னொண்ணு தயார் பண்ணி அனுப்பியிருக்கலாம். வேலை போயிடுமேன்னு பயம். பதிவேட்டுல ‘அனுப்பப்பட்டது’ன்னு எழுதிட்டு கம்முனு இருந்துட்டேன்.”

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். பயிற்சி ஆரம்பித்திருந்தது.

“அந்தப் பதினெட்டுல ஏழு பொண்ணுங்களுக்கு அப்புறம் சர்வதேச ஆட்டமே கிடைக்கல. பல்லியைத்தான் அந்த வருஷமே கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்களே, இப்ப துணிக்கடையில நிக்கிறா. போன வாரம் பார்த்தேன். ‘மலர்ல அந்த வருஷத்துக்கு என்னக்கா போட்டிருக்கீங்க’ன்னு கேட்டா. அவ மூஞ்சியைப் பார்க்க முடியல. அவகிட்டயும் போய்ச் சொல்லத்தான் போறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். என்னை என்ன வேணாலும் திட்டு கேப்டன். உங்க எல்லார் ஆட்டத்தையும் குப்பையில போட்டவ நான்தான்.”

கேப்டன் பையைத் திறந்தாள். நீளமான ஒரு பழுப்பு நிறக் கவரை எடுத்து, அட்டவணையின் மேல், அந்த ஒற்றைச் சொல்லை மறைக்கும்படி வைத்தாள்.

முகவரி டைப்பிஸ்டின் கையெழுத்தில் இருந்தது. அரக்கு முத்திரை இரண்டாக உடைந்திருந்தது. உடைந்ததை யாரோ பசை போட்டு ஒட்டப் பார்த்து, அது ஒட்டாமல் மஞ்சள் திட்டாகக் காய்ந்து கிடந்தது.

டைப்பிஸ்ட் உள்ளே இருந்த தாள்களை உருவினாள். விண்ணப்பம். தலைவர் கையெழுத்து. பட்டியல். அவளே டைப் அடித்த பதினெட்டு வரிகள்.

பதினெட்டுக்குக் கீழே, பேனாவால் அவசரமாகக் கிறுக்கிய பத்தொன்பதாவது வரி. அதில், கேப்டனின் கையெழுத்திலேயே, கேப்டனின் பெயர்.

டைப்பிஸ்ட் தலை நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு காலை லேசாக இழுத்தபடி கேப்டன் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.