முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்

கத்தரிக்கோல் கதவருகே வந்து நின்றபோது அவளுடைய இரண்டு கைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.

ஓட வழியில்லை. உள்ளே மூடி திறந்த தட்டுகள் ஆறு. அவற்றில் வளரும் செல்கள் எட்டு மாத உழைப்பு.

பணியாளர் பிரிவு அதிகாரிக்குக் கத்தரிக்கோல் என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளர்களுக்கு வருடத்துக்கு முந்நூற்று அறுபத்து நான்கு நாள்தான் வேலை. மிச்சம் ஒரு நாள் இடைவெளி. மறுநாள் புது ஒப்பந்தம். அந்த ஒரு நாளை வெட்டியெடுக்கும் கடிதத்தில் அவருடைய கையெழுத்துதான் இருக்கும்.

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று விதி. ஆகவே ஒருவரும் தொடர்ந்து வேலை பார்த்துவிடக் கூடாது.

“உங்க வேலை என்ன அண்ணி, முறைக்காய்ச்சலா? விட்டு விட்டு வருதே!” என்பாள் அவளுடைய நாத்தனார்.

வேலைக்கு இடைவெளி விடலாம். செல்களுக்கு விட முடியாது. தினமும் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஒரு நாள் பட்டினி போட்டால் சுருண்டுவிடும்.

அதனால் இடைவெளி நாளிலும் எல்லாரும் வருவார்கள். வந்ததாக யாரும் மூச்சு விட மாட்டார்கள். புரொபசர் அன்றைக்கு மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

இன்று அவளுடைய இடைவெளி நாள். பிடிபட்டால் நாளை புது ஒப்பந்தம் கிடையாது. கடிதத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கத்தரிக்கோல் உள்ளே வந்தார். கையில் ஒரு படிவம்.

“முடிச்சிட்டே வாங்கம்மா. அவசரமில்ல.”

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசித் தட்டை மூடி, கையுறையைக் கழற்றிக்கொண்டு அவள் திரும்பும்போது, அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கியிருந்தார். திரவம் மாற்றியவர் செல்களை எண்ணி, நேரம் குறித்து, கையெழுத்துப் போடும் நோட்டுகள். எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ஆய்வுக்கூட உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்றார். அவர் நிரந்தரப் பணியாளர்; இடைவெளி நாள் கிடையாது.

“போன வருஷம், இதே தேதி. இது யாரு போட்ட கையெழுத்து?” என்றார் கத்தரிக்கோல்.

“நான்தான் சார்,” என்றார் அண்ணன். “கண்ணாடி போடாம கிறுக்கினா அப்படித்தான் விழும்.”

அண்ணன் வாழ்க்கையில் ஒரு செல்லையும் எண்ணியதில்லை.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளை வேலை இருக்கும்.

ஆனால் அந்த வரியில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதியிருந்தது. நுண்ணோக்கியில் மூன்று முறை எண்ணி அவள் எழுதியது. எண்ணியவர் பொய் என்றால் எண்ணிக்கையும் பொய். எண்ணிக்கை பொய்யென்றால், அதை வைத்து எழுதிய கட்டுரையும் பொய்.

“இல்ல சார். அது நான்.”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அதுக்கு முந்தின வருஷம்?”

“நான்தான்.”

“அதுக்கும் முன்னாடி?”

நான்கு வருடம் பின்னால் போனார்கள். இன்றையதோடு ஐந்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவள் ஐந்து முறை நிரூபித்தாள்.

“சார், ஒரு நாள் விட்டாக்கூட இதுங்க செத்துடும், அதனாலதான்...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா.”

எழுதி முடித்தார். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு அண்ணனும் கண்ணாடி இல்லாமலே போட்டார். நகலைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு, சிரிக்காமல், முறைக்காமல், கத்தரிக்கோல் வெளியே போனார்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு இதுங்களுக்கு யாருண்ணே ஊத்துவாங்க?”

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? நாந்தான் பழிய ஏத்துக்கிட்டேன்ல!” என்று திட்டிக்கொண்டே அண்ணன் நகலை எடுத்தார். கண்ணாடியை மாட்டி வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு அதை அவள் மடியில் வைத்தார்.

'இடைவெளி நாளில் பணி செய்ததற்கான சான்று. புதிய விதியின்படி, பணி நடந்த நாள் இடைவெளி ஆகாது. பணி செய்யவில்லை என மறுப்பவர் பெயர் சேர்க்கப்படாது. விசாரிக்கும் அதிகாரி பதிலைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.'

அதன் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சி உறுதி. நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கிறேன்.'

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு தங்கச்சி!”

தாழ்வாரத்தில் அடுத்த கூடத்தின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “இங்க யாராவது வேலை பார்க்குறீங்களா?” என்றது கத்தரிக்கோலின் குரல். பதில் இல்லை.

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது.

“ஐயையோ. அங்க மூணு பேரும் குளிர் அறைக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க. ஆள் வர்றார், ஒளிஞ்சுக்கங்கன்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்.”

“அண்ணே!”

“உனக்கும்தான் அடிச்சேன். நீதான் எடுக்கல.”

ஆய்வுக்கூடத்தில் யாரும் ஓடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தரும் முதல் விதி அது.

அவள் ஓடினாள்.