அலமாரியில் இடம்

"அப்பா, வேற வேற தொழிற்சாலை பாகமெல்லாம் சேர்ந்திருந்தா அது நிஜத் துப்பாக்கி இல்லையா?"

ஏழு வயது லிபுஷா கேட்டபோது, பழைய ஜெர்மன் போர்த் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த ராதிம் நிமிரவே இல்லை. "கலப்படம்மா. நம்ம அலமாரியில அதுக்கு இடமில்ல" என்றார். தொழிற்சாலை முத்திரை ஒத்துப்போகாத பாகங்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஒத்துப்போகிறவற்றைத் தேடிப் பூட்டினார்.

பல வருஷம் கழித்து, லிபுஷாவின் கல்யாணத்துக்காக ஒலோமோத்ஸ் நகருக்கு வந்த ராதிமின் நண்பர் ஹினெக், அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, எல்லாப் பாகத்திலும் ஒரே முத்திரை இருப்பதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா! போர்க் கடைசியில ஜெர்மன்காரன் கிடைச்ச பாகத்தையெல்லாம் சேர்த்துத்தான் செஞ்சான். கலப்பா இருந்தாத்தான் இது அசல். திருத்துறேன்னு கெடுத்துட்டியே!"

ராதிம் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு லிபுஷா கேட்டப்ப, கலப்படத்துக்கு இங்க இடமில்லன்னு சொல்லிட்டேன்டா. அதுக்கப்புறம் அவ இந்தத் துப்பாக்கி அறைக்குள்ள வந்ததே இல்ல."

"ஒரு துப்பாக்கிக்காகவா கோவம்?"

"கோவமில்ல, பயம். அநாதை இல்லத்துலேருந்து அவளைக் கூட்டிவந்து அப்ப ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. என்னை முதல்முதலா அப்பான்னு கூப்பிட்டதே அந்தக் கேள்வியிலதான்."

ஹினெக் போனபின், எல்லாரும் தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்யப் போயிருக்க, ராதிம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அந்தப் பழைய டப்பாவைத் திறந்தார். அன்று கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். துப்பாக்கியை அலமாரியின் நடுவில் வைத்தார். அறைக் கதவைத் திறந்தே விட்டார்.