எந்த ஊர்க்காரி?

"விவாகரத்து பண்ணின புருஷன் வீட்டுலதான் குடியிருக்கேன்னு சொன்னா, யாரும்மா நம்புவாங்க?"

பாஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த வரி அதிகாரி கிம்பல், ஷூவிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

டெல்ஃபினின் கம்பெனி பாஸ்டனில். அவள் வேலை பார்ப்பதோ பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில், முன்னாள் கணவன் அர்மானின் மாடியறையில், லேப்டாப்பில். இங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது, அங்கே உண்டு. இங்கேதான் வசிக்கிறாள் என்று நிரூபிக்காவிட்டால் இரண்டு வருஷ வரி மொத்தமாகத் தலையில் விழும். இத்தனைக்கும் ஒரு பனிப்புயலுக்கு ஒதுங்க வந்தவள்தான். 'ரோடு சரியானதும் கிளம்பிடுவேன்' என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பாஸ்டன்ல உங்க பேர்ல ஃபிளாட் இருக்கே?"

"அங்க பழைய பெட்டிங்கதான் சார் இருக்கு. நான் இங்க இருக்கேன்."

"சாட்சி?"

"நான் இல்லையா?" அர்மான் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தான். "விடிஞ்சா போதும், பேக்கன் கறி கருகிடுச்சுன்னு சண்டை. நான் காய்ச்சின மேப்பிள் மரத்துப் பாகை முழுசா பேன்கேக் மேல ஊத்திக்கிட்டு, பாட்டில் காலின்னு அதுக்கும் என்னையே திட்டுவா. எந்த விருந்தாளி சார் இப்படிப் பண்ணுவா?"

"நீ வாயை மூடு!"

"பாத்தீங்களா, பாத்தீங்களா?"

கிம்பல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க பூனைக்கு ஊசி போட்டது எங்க? வீடு எதுன்னு இதையெல்லாம் வச்சுத்தான் பாப்போம்."

"இந்த ஊர்லதான்."

"உங்களுக்கு உசுரான சாமான் ஏதாவது இங்க இருக்கா?"

"எங்கம்மா தெச்ச போர்வை. அதோ, சோஃபாவுல."

அர்மான் தினமும் கால் நீட்டித் தூங்கும் சோஃபா அது.

"கடைசிக் கேள்வி. பாஸ்டனுக்கே திரும்பிப் போற எண்ணம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக்குவேன்."

டெல்ஃபின் அர்மானைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து மாவு சொட்டுவதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"இல்ல சார். இதுதான் என் வீடு. நான் எங்கயும் போகப் போறதில்ல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வரி ஞாபகமே வரவில்லை.

கிம்பல் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடினார். "சரிம்மா, நீங்க இந்த ஊர்க்காரிதான். எங்களுக்கு வரி கட்ட வேண்டாம்."

"அப்பாடா! ஆமா, என் மேல எப்படி சார் சந்தேகம் வந்துச்சு?"

"மொட்டைக் கடுதாசிதான். காட்டக் கூடாது, இருந்தாலும்..."

"ஐயோ, பேன்கேக் கருகுது!" அர்மான் உள்ளே ஓடினான்.

டெல்ஃபின் கடிதத்தை வாங்கினாள். அதிலிருந்த மேப்பிள் பாகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

'ஐயா, டெல்ஃபினுக்கு எதுதான் வீடுன்னு நீங்களாவது வந்து கேளுங்க. நான் கேட்டா, ரோடு சரியாகட்டும்ங்கறா.'