எபிநேசருக்கு வந்த வார்த்தை

"மகனே, கத்தி உன்மேல் படாது" என்று யூடியூப் தீர்க்கதரிசி நேரலையில் சொன்னதிலிருந்து, தேவநேசன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வர மறுத்தார். இந்த வாரம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி ரூபாவதியோ நூல் உருவிப் பார்க்காமல் துணி எடுக்காத ஜவுளிக்கடைக்காரி. "சோதிச்சுப் பாக்கணும்னு வேதத்துலயே இருக்குல்லா?" என்றவள், அடுத்த நேரலையில், 'எங்க வீட்டு எபிநேசருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா' என்று எழுதிப் போட்டாள்.

தீர்க்கதரிசி கண்களை மூடினார். "தம்பி எபிநேசரைக் காண்கிறேன்! கிறிஸ்துமஸுக்குள் கனடா விசா! கத்தி அவன்மேல் படாது!"

தேவநேசன் மெதுவாகக் கொல்லைப்பக்கம் திரும்பினார். கிறிஸ்துமஸ் குழம்புக்கென்று வளர்க்கும் சேவல் எபிநேசர், கூண்டின்மேல் ஏறிநின்று கூவியது.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் பையை எடு."

"எடுத்தாச்சு."

"எபிநேசர் பாடு?"

"கிறிஸ்துமஸுக்குள்ள விசா வந்தா விட்டுருதேன்" என்றாள் ரூபாவதி.