இரண்டு வரிசைத் தக்காளி

"நீங்களே சொல்லுங்கம்மா, இதுல எந்த வரிசைக்குச் சத்துத் தண்ணி, எந்த வரிசைக்கு வெறுந்தண்ணி?"

மொட்டை மாடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேனேஜர் கேட்டார். எதிரே வெறும் மணல் நிரப்பிய தொட்டிகளில் இரண்டு வரிசைத் தக்காளிச் செடிகள். அத்தனையும் சோனியாக, வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகள் மாதிரி நின்றன.

"எனக்கென்ன தெரியும் சார்? இதுங்க வந்ததிலேருந்து துணி காயப்போட இடமில்லை. அது மட்டும் நல்லாத் தெரியும்" என்று மாமியார் வெடுக்கென்று சொன்னாள்.

"இடது பக்கம் சத்துத் தண்ணி சார்" என்றாள் மருமகள் மெதுவாக.

"அட போங்க மேடம்! ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு."

மருமகளுக்கு ஈஸ்ட் ஆலையில் வேலை. ஈஸ்ட் நொதித்து முடிந்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தண்ணீர் ரொம்ப காலமாக வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் உள்ள சவ்வு வழியாக அதை அனுப்பினால், அழுக்கும் நாற்றமும் ஒரு பக்கம் நின்றுவிடும், பயிருக்கு வேண்டிய சத்து மட்டும் மறுபக்கம் தெளிந்த நீராக வந்துவிடும் என்று சொன்னவள் இவள்தான். சொன்னதோடு விடாமல் ஒரு சின்ன யூனிட் போட்டுச் செய்தும் காட்டினாள். அன்றைக்கு மாமியார் வைத்த பெயர்தான் 'சல்லடை'. பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டில் எல்லோருக்கும் மறந்தே போயிற்று.

செடியில் சோதித்துப் பார்க்க ஆலைக்குள் வெயில் விழுகிற இடம் கிடையாது. அதனால் தொட்டிகள் வீட்டு மாடிக்கு வந்தன. செடி நன்றாக வளர்ந்து காட்டினால் தலைமை ஆலையில் பெரிய யூனிட் வரும், அதை நடத்த மருமகள்தான் போக வேண்டும். ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகிற தூரம். குறைந்தது ரெண்டு வருஷம். மகனோ கப்பலில் வேலை பார்க்கிறவன், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டினால் பெரிது. ஆக, வீட்டில் மிஞ்சப்போவது மாமியார் மட்டும்தான்.

"போனாப் போகட்டுமே! நான் பாட்டுக்கு நிம்மதியா துணி காயப்போடுவேன்" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மேனேஜர் சத்துத் தண்ணி இருந்த நீலக் கேனைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பார்த்தார். "பச்சைத் தண்ணி மாதிரியே இருக்கே மேடம்!"

"சவ்வுல வடிஞ்சு வந்தா அப்படித்தான் சார். நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது."

"லேப்ல பார்த்தா சத்து இருக்குன்னுதான் வருது. செடி கேக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ண? சரி, இங்க இருக்கிற சின்ன யூனிட் ஓடட்டும், நீங்களே பாத்துக்குங்க. பெரிய யூனிட்டுப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்." அவருக்கே பாவமாக இருந்தது. "மனசைத் தளர விட்டுடாதீங்க மேடம்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியதை மாமியார் பார்த்துவிட்டாள். அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. துணியே இல்லாத கொடியில் எதையோ தேடுகிறவள் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேனேஜர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியது.

"ஏய் சல்லடை, இங்க வாடி. அந்த ஆளுக்குப் போன் போட்டு உடனே திரும்பி வரச் சொல்லு."

"எதுக்கு அத்தை?"

"வரச் சொல்லுன்னா சொல்லேன்!" மாமியார் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான்தான்டி பாவி. நீ ஆலையிலேருந்து கேனைத் தூக்கிட்டு வந்து வெச்சிட்டுக் குளிக்கப் போவியா? நீ அந்தப் பக்கம் போனதும் அத்தனையையும் சாக்கடையில கொட்டிட்டு, குழாய்த் தண்ணியைப் பிடிச்சு வெச்சிடுவேன். எப்பவும் அதேதான் பண்ணினேன். ரெண்டு வரிசையும் குடிச்சது குழாய்த் தண்ணிடி!"

மருமகள் கேனையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் அத்தை?" என்றாள்.

"ஏனாம் ஏன்! காலையில எழுந்து உன்னை நாலு வார்த்தை திட்டலைன்னா எனக்குக் காப்பியே இறங்காது. நீ போயிட்டா நான் யாரைத் திட்டுறது, சுவத்தையா?" மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆள் முன்னால நீ தலையைக் குனிஞ்சு நின்னே பாரு, என்னால தாங்க முடியலைடி. எவ்வளவு பெரிய மூளை உனக்கு! அதுல போய் மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே. நீ போ கண்ணு. போய் நல்லா இரு. ரெண்டு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். நடந்ததை நானே அவர்கிட்ட சொல்றேன், போனைப் போடு."

மருமகள் போனை எடுக்கவே இல்லை.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறே? கோவமா? திட்டணும்னா திட்டித் தொலையேன். இத்தனை நாள் நான் திட்டினதுக்கெல்லாம் சேர்த்துத் திட்டு."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்து மாமியார் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்களைத் திட்டுவேன் அத்தை? நீங்க இத்தனை நாளும் சாக்கடையில கொட்டினது, உங்களை விட்டுப் போக மனசில்லாம நான் ஆலை வாசல் குழாய்ல பிடிச்சிட்டு வந்த வெறுந்தண்ணி!"