வெள்ளைக் கட்டை, சிவப்புக் கட்டை

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா சார். இன்னிக்கு எனக்கு இதுல ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று கோல்ஃப் கிளப் செயலாளரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள் வக்கீலம்மா. கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சற்றுமுன்தான் பெண்கள் இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. போன இரண்டு வருஷமும் கோப்பை அவள் வீட்டில்தான் இருந்தது. மூன்றாம் முறையும் ஜெயித்திருந்தால் அது நிரந்தரமாக அவளுடையது; கிளப் வாசல் பலகையில் பெயரும் ஏறியிருக்கும். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் எல்லாம் டீச்சர் கைக்குப் போய்விட்டது.

டீச்சர் யாரோ எவரோ அல்ல, காலேஜ் நாளிலிருந்து வக்கீலம்மாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். அதுதான் வயிற்றெரிச்சல். வேற்றாள் யாராவது தோற்கடித்திருந்தால் ஒரு காபியோடு மறந்திருப்பேன் என்று வக்கீலம்மா மனசார நம்பினாள்.

கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர்தான் கெட்டிக்காரர். சுமாராக ஆடுகிறவர்களுக்கு, அவர்களுடைய பழைய ஆட்டங்களைப் பார்த்து, இத்தனை அடியைக் கழித்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டர் ஒரு சலுகை கொடுக்கும். அந்தச் சலுகைக்குத்தான் ஹேண்டிகேப் என்று பெயர். வக்கீலம்மாவுக்குப் பதினெட்டு, டீச்சருக்கு இருபத்திரண்டு. அப்படிப் போட்டு விளாசுகிறவளுக்கு இருபத்திரண்டாம், யார் காதில் பூ சுற்றுகிறாள் என்று பொருமினாள் வக்கீலம்மா.

கோர்ட்டில் நிற்கிற மாதிரியே நின்று வழக்கை எடுத்து வைத்தாள். ஆட்டத்தைத் தொடங்க மைதானத்தில் இரண்டு இடம் உண்டு. பின்னால் வெள்ளைக் கட்டை: தூரம் அதிகம், குறுக்கே குளம், கஷ்டம் என்று மதிப்பிட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் சிவப்புக் கட்டை: சுலபம். வெள்ளையில் ஆடி நூறு அடி எடுத்தால், பரவாயில்லையே என்று கம்ப்யூட்டர் சலுகையைக் குறைக்கும். அதே நூறைச் சிவப்பில் எடுத்ததாகப் பதிந்தால், ஐயோ பாவம் என்று சலுகையை ஏற்றிவிடும்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா வெள்ளையிலதான் ஆடறோம். இவ வீட்டுக்குப் போய் சிவப்புன்னு பதிஞ்சிருக்கா. வேற எப்படி சார் இருபத்திரண்டு வரும்?"

கதவோரமாக நின்றிருந்த வக்கீலம்மாவின் புருஷன் மெல்ல உள்ளே வந்தார். ஆடிட்டர், அதிர்ந்து பேசாத மனுஷர். ஒரு கோப்பைதானே, விட்டுத்தள்ளு, வீட்டுக்குப் போகலாம் என்று அவள் காதோரம் கெஞ்சினார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. எப்போதும் இப்படித்தான், பெண்டாட்டி பக்கம் நியாயம் இருந்தாலும் ஒதுங்கிப் போகச் சொல்லுவார்.

"நான் ஏன் பயப்படணும்? வேணும்னா என்னுதையும் சேர்த்துப் பாருங்க சார். நான் அடிக்கறதோட சரி. பதியறதெல்லாம் இவர்தான், ஆடிட்டர் கை."

செயலாளர் டீச்சரையும் உள்ளே கூப்பிட்டார். கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவள் கண்கள் சிவந்திருந்தன. வெளியே எல்லாம் கேட்டிருக்கும் போல. தாராளமாகப் பாருங்கள், எனக்கும் தெரிய வேண்டும் என்று மட்டும் செயலாளரிடம் சொன்னாள். தோழியின் பக்கம் திரும்பவே இல்லை.

செயலாளர் கம்ப்யூட்டரில் டீச்சரின் ஆட்டங்களைத் திறந்தார். ஒத்துப் பார்ப்பதற்காக வக்கீலம்மாவின் ஆட்டங்களையும் பக்கத்தில் திறந்தார். மேலிருந்து கீழே வந்தார், மறுபடி மேலே போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மேடம், டீச்சர் எல்லாத்தையும் வெள்ளைன்னுதான் பதிஞ்சிருக்காங்க. அதே நாள்ல நீங்க ஆடினதுதான் சிவப்புன்னு இருக்கு."

இருக்கவே இருக்காது என்று சிரித்துக்கொண்டே குனிந்தாள் வக்கீலம்மா. சிரிப்பு பாதியில் நின்றது. திரை நெடுக அவள் பெயருக்கு நேரே சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒழுங்காகப் பதிந்திருந்தால் அவளுடைய சலுகை பதிமூன்றைத் தாண்டியிருக்காது என்றும், போன இரண்டு கோப்பைகளைப் பற்றியும் கமிட்டி கேட்க வேண்டியிருக்கும் என்றும் செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டீச்சர் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று செயலாளரும் எழுந்து வெளியே போனார்.

வக்கீலம்மா புருஷனைப் பார்த்தாள். கை தவறிப் பட்டிருக்கும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு கணம் மனசு ஏங்கியது. ஆனால் கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் தூக்கம் வராத ஆளுக்கு வாராவாரமா கை தவறும்? நம்பி மோசம் போனேன் என்று தன்னிடம் வந்து அழுத எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

இரண்டு வருஷமாக ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்தது எதுவும் தன்னுடையது இல்லை. போதாக்குறைக்கு உயிர்த்தோழியைத் திருடி என்று சொல்லியாயிற்று.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க? நான் உங்ககிட்ட கேட்டேனா?"

ஆடிட்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ தோத்துட்டு வர்ற அன்னிக்கு, நம்ம பசங்க சாப்பிடக்கூட ரூமை விட்டு வெளிய வர்றதில்லம்மா."